ஹார்னெட் டோக்கன் ககாரியாக மாறினால் கவசத்துக்குள் யார் இருக்கிறாள்?

மணிமாமா:

வணக்கம். இந்த விளையாட்டு எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டில் உயரம், எடை சொல்லி ஜெயித்த தலைமுறை நான்.

சிங்கப்பூரிலிருந்து அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வயது 13. ஒரு தகர டப்பா நிறைய யூகியோ என்கிற ஜப்பானியச் சண்டை ஆட்டத்தின் கார்டு கொண்டுவந்திருக்கிறாள். கரண்ட் போன ஒரு மத்தியானம், "மாமா, உங்களுக்குச் சொல்லித் தர்றேன்" என்று பாயை விரித்து உட்கார்ந்தாள். அவளிடம் இருப்பது ஸ்கை ஸ்ட்ரைக்கர் என்கிற டெக், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டு. எல்லாம் கவசம் போட்ட பெண்கள். சிவப்பில் ககாரி, நீலத்தில் ஷிஸுகு, பச்சையில் ஹயாதே. கவசம் இல்லாமல் ஒருத்தி, அவள் ரே. "நாலும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! "மாமா, எல்லாம் ஒரே ஆளு. ரே. கவசத்தை மாத்திக்கிறா, அவ்ளோதான்."

சரி, ஒரே ஆள். அடுத்த ஆட்டத்தில் ஹார்னெட் ட்ரோன்ஸ் என்று ஒரு கார்டைப் போட்டாள். அதனால் டோக்கன் என்று ஒரு தற்காலிகப் பாத்திரம் களத்துக்கு வந்தது. அதற்குக் கார்டு இல்லை என்று என் பழைய சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தாள். உடனே பொத்தானை எடுத்துவிட்டு அந்தக் கணக்கில் ககாரியைக் களத்தில் இறக்கினாள். ரே அப்போது டெக்குக்குள்ளேயே கிடந்தாள். எனக்கு உறுத்தியது. "ரே இன்னும் வரவே இல்லையே, இந்தச் சிவப்புக் கவசத்துக்குள்ள இப்ப யாரு?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஆனால் அது ஒரு மணி நேரம்தான் நீடித்தது, இரண்டு நாளாக என்னைத் தேடிப் பதில் கண்டுபிடிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். அவள் கார்டு வாங்கும் கடையில் ஒரு அண்ணன், "இந்தக் கதையே பொம்மையிலிருந்து வந்தது" என்றாராம். உண்மையா? எந்தப் பொம்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு அவளுக்கு விமானம்.

லிங்க்_1:

கார்டு ஆட்டத்தில் லாஜிக் தேடினால் தலைவலிதான் மிச்சம் சார். ஹார்னெட் தரும் டோக்கனின் பெயரிலேயே "ஸ்கை ஸ்ட்ரைக்கர் ஏஸ்" இருக்கிறது. இந்தப் பெண்கள் எல்லாருக்கும் கார்டில் அந்தப் பெயர்தான். ககாரியை இறக்க, நெருப்பு வகை அல்லாத ஒரு ஸ்கை ஸ்ட்ரைக்கர் ஏஸைக் கொடுக்க வேண்டும். டோக்கன் பொருந்துகிறது, முடிந்தது. உள்ளே இருப்பது அட்டை.

2018 மே மாதம் டார்க் சேவியர்ஸ் என்ற கார்டுத் தொகுப்பில் இந்த டெக் எங்களுக்கு வந்தது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் எதிரே ரேதான். இதிலுள்ள என்கேஜ் என்ற கார்டை ஒரு டெக்குக்கு 1 என்று கட்டுப்படுத்தும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் அவள் கதையில் எனக்குப் பெரிய இரக்கம் கிடையாது.

நிப்பர்:

மணிமாமா, உங்கள் மருமகளுக்கு ஒரு சபாஷ். லிங்க்_1 சொன்ன விதி சரி, ஆனால் "உள்ளே இருப்பது அட்டை" என்று அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகாதீர்கள். கேள்விக்குப் பதில் இருக்கிறது. அது பொம்மைப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குக் கார்டைவிட பொம்மைதான் நன்றாகத் தெரியும், அதனால் அந்த வழியாகவே வருகிறேன்.

யோகோஹாமாவில் வேலை பார்த்தபோது, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. அங்கே ஒரு கொக்கியில், பெட்டி இல்லாமல் ஜிப் பையில் போட்ட ஒரு பொம்மை தொங்கியது. ஆர்ன்வால். 15 செ.மீ. உயரப் பெண். வெள்ளைக் கவசம் வயதாகி மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது. வாங்கிவந்து செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கழற்றினேன். முதலில் இறக்கை, அப்புறம் முதுகில் இருக்கும் பூஸ்டர், அவள் உயரத்துக்கும் மேலான துப்பாக்கி, மார்புத் தகடு, கடைசியில் கால் கவசம். எல்லாம் ஒரு பக்கம் குவிந்த பிறகு நடுவில் ஒல்லியாக ஒருத்தி நின்றாள். கை, கால், இடுப்பு எல்லாம் மடங்கும், தானாகவே முழுசான பொம்மை. முழங்கை மட்டும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மென்மையான பிளாஸ்டிக் பழசானால் அப்படித்தான்.

அந்த ஒல்லி உடம்புக்கு ஜப்பானியில் சொதாய் என்று பெயர். வெற்றுடம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் பொம்மைகளின் உயிரே அதில்தான். கவசம் சேர்ந்தே வார்த்த சிலை இல்லை இவள். ஓர் உடம்பு, அதில் செருக நிறையத் துளை, துளைக்கு ஏற்ற பாகங்கள். சில இடங்களில் கவசத்தை மேலே மாட்டுவதுகூட இல்லை. காலையே கழற்றி வைத்துவிட்டுக் கவசக் காலைச் செருக வேண்டும். முதல் தடவை செய்யும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

பொம்மை வரிசையின் பெயர் புஸோ ஷின்கி. 2006 செப்டம்பரில் வந்தது. அதை வெளியிட்டது யார் தெரியுமா? கொனாமி. 1999 முதல் யூகியோ கார்டு போடுகிறதே, அதே கொனாமி. கடைக்கார அண்ணன் சும்மா சொல்லவில்லை.

அந்தப் பொம்மைக்கு ஒரு கதை கொடுத்திருந்தார்கள். ஆண்டு 2036. உலகப் போர் எதுவும் வரவில்லை, வேற்றுக் கிரகத்திலிருந்து யாரும் இறங்கவில்லை, சாதாரண எதிர்காலம். அதில் மனிதர்களோடு வாழும் குட்டி ரோபோக்கள்தான் ஷின்கிகள். கதையிலும் அவள் உயரம் 15 செ.மீ. அதாவது உங்கள் மேஜையில் நிற்பது மாதிரி வடிவம் இல்லை, அவளேதான்! இந்த ஒரு சாமர்த்தியத்துக்காகவே அந்தக் கதையை எழுதியவருக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். தலைதான் கோர், அதற்குக் கீழே சொதாய், மார்புக்குள் குணத்தை நிர்ணயிக்க 3 சில்லுகள். மூன்றும் சேர்ந்தால் ஒருத்தி பிறக்கிறாள். கவசம் அதில் சேர்த்தியே இல்லை, அது பிறகு அவள் மாட்டிக்கொள்வது.

இப்போது ரேயின் கார்டைக் கையில் எடுங்கள். படத்தை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள். ரே வாரியர் வகை. ககாரி, ஷிஸுகு, ஹயாதே மூவரும் மெஷின் வகை. ஆள் மாறவில்லை, மாட்டியதும் இயந்திரக் கணக்கில் வந்துவிட்டாள். மூவரும் லிங்க் 1, அதாவது ஒரே ஒரு மான்ஸ்டரை, களத்தில் சண்டை போடும் கார்டை, வைத்து இறக்குவது. ஓர் உடம்புக்கு ஒரு செட் கவசம். அடுத்தது எனக்கு மிகப் பிடித்தது: ரேயின் தாக்குதல் 1500. ககாரி 1500. ஷிஸுகு 1500. ஹயாதே 1500. பிற்பாடு வந்த கைனாவும் 1500. மற்ற டெக்குகளில் பெரிய மான்ஸ்டர் என்றால் எண்ணும் பெரிதாகும். இங்கே அச்சிட்ட எண் அசையவே இல்லை. உள்ளே அதே பெண்தானே! கவசம் தருவது வேலையை மட்டும்தான். ககாரி தீர்ந்த மந்திரக் கார்டு ஒன்றைத் திரும்ப எடுத்துத் தருவாள், ஹயாதே எதிராளியை நேரடியாகத் தாக்குவாள், ஷிஸுகு எதிரே நிற்பவர்களின் பலத்தைக் குறைப்பாள்.

ககாரிக்கு "நெருப்பு அல்லாத" ஏஸ் வேண்டும் என்று லிங்க்_1 சொன்னாரே, அதையும் கவனியுங்கள். சிவப்புக் கவசத்தின் மேல் சிவப்புக் கவசம் ஏறாது. கழற்றிவிட்டு வேறு மாட்டு, பிறகு வா. மேஜையில் நான் செய்வதும் அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ரேயின் இரண்டாவது எஃபெக்ட், அதாவது அந்தக் கார்டு செய்யும் காரியம். கவசம் போட்ட ஏஸ் சண்டையில் அழிந்தாலோ, எதிராளியின் எஃபெக்டால் களத்தைவிட்டுப் போனாலோ, கிரேவ்யார்டில் (தீர்ந்த கார்டுகளின் குவியலில்) இருக்கும் ரே எழுந்து களத்துக்கு வருவாள். கவசம் சிதறுகிறது, வெற்றுடம்பு மிஞ்சி நிற்கிறது. செய்தித்தாளில் நான் பார்த்த அதே காட்சி.

இனி உங்கள் பொத்தானுக்கு வருவோம். அந்தக் கார்டின் ஜப்பானியப் பெயர் ஹார்னெட் பிட். எந்திரக் கதைகள் படிப்பவர்களுக்குப் பிட் என்றால் தெரியும்: ஆள் ஏறாமல், தூரத்திலிருந்து ஏவப்பட்டுத் தானாகப் பறக்கும் ஆயுதம். அதன் டோக்கனுக்குத் தாக்குதல் 0, தற்காப்பு 0. ஆனால் கிரேவ்யார்டில் 3 மந்திரக் கார்டு சேர்ந்திருந்தால் அதுவும் 1500 ஆகிவிடும். 1500 யாருடைய எண்? ரேயைப் போலவே நடிக்கிறது அது.

ஆக, டோக்கனிலிருந்து வந்த ககாரிக்குள் யாரும் இல்லை. வெறும் கவசம் பறக்கிறது. உங்கள் மருமகள் ஆடியபோது ரே டெக்கில் இருந்தாள் என்றீர்கள். அப்போது அந்தக் ககாரியை நீங்கள் அழித்திருந்தால் யாரும் எழுந்து வந்திருக்க மாட்டார்கள். விதி தெளிவாகவே சொல்லுகிறது, உள்ளே ஆள் இல்லை என்று. பொம்மையிலும் இது உண்டு. ஷின்கிகளில் ஆர்க், ஈடா என்று ஒரு ஜோடி. அவர்கள் கவசம் மூன்று சக்கர வண்டியாகிவிடும். சில செட்டுகளில் பெண்ணை எடுத்து ஷெல்ஃபில் வைத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்தால் தனியாக ஒரு எந்திரம் நிற்கும்.

நீளமாகிவிட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்.

கஞ்சிக்குடுவை:

நிப்பர் அக்கா எலும்பைச் சொல்லிவிட்டார். நான் தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஜப்பானிய மொழி கற்கிறேன், அதனால் பெயர்கள்தான் என் வியாதி.

ஸ்கை ஸ்ட்ரைக்கர் என்பது ஆங்கிலத்துக்காக வைத்த பெயர். மூலப் பெயர் சென்தோக்கி. எழுதும்போது மின்னல்வாள் இளவரசி என்று பொருள் வரும் எழுத்துகளில் எழுதுகிறார்கள். ஆனால் காதால் மட்டும் கேட்டால், ஜப்பானியருக்கு முதலில் தோன்றுவது போர் விமானம். அதுவும் சென்தோக்கிதான். நம் சிலேடை மாதிரி. டெக்கில் உள்ள எந்திரக் கார்டுகளுக்கு "இளவரசி" எழுத்தை எடுத்துவிட்டு "எந்திரம்" எழுத்தைப் போட்டிருக்கிறார்கள், உச்சரிப்பு அதேதான்.

ககாரி என்றால் இரவில் மூட்டும் தீ. ஷிஸுகு, நீர்த்துளி. ஹயாதே, சூறைக்காற்று. ஹயாதே என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவத்துக்கு ஒரு போர் விமானமே இருந்தது, நகாஜிமா கி-84. இப்போது மந்திரக் கார்டுகளைப் பாருங்கள். ஹார்னெட், ஈகிள், ஹெர்குலிஸ், விடோ. எஃப்-18 ஹார்னெட், எஃப்-15 ஈகிள், சரக்கு ஏற்றும் சி-130 ஹெர்குலிஸ், இரவில் பறந்த பி-61 பிளாக் விடோ. எல்லாம் அமெரிக்க விமானங்கள். ஷார்க் கேனனை மட்டும் கொஞ்சம் இழுத்து எஃப்-20 டைகர்ஷார்க் என்று சொல்லலாம், அடித்துச் சொல்ல மாட்டேன். ஆஃப்டர்பர்னர், ஜாமிங், மல்டிரோல் என்று மற்ற கார்டுகளும் விமானப்படை வார்த்தைகள்தான்.

அதனால் "பொம்மையிலிருந்து வந்தது" என்று ஒரே வரியில் முடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை அக்கா. போர் விமானத்தைப் பெண்ணுக்கு மாட்டிவிடுவது ஷின்கிக்கு ரொம்ப முன்பே ஜப்பானில் உண்டு. 1980களிலேயே அகிதாகா மிகா என்ற ஓவியர் குண்டம் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் ராட்சத எந்திரங்களைப் பெண்களுக்கு அணிவித்து வரைந்தார்.

மணிமாமா:

அம்மாடி! நான் கேட்டது ஒரு பொத்தானைப் பற்றி.

நிப்பர் சொன்னதை வாசித்துக் காட்டினேன். "வெறும் கவசம்" என்ற இடத்தில் அவள் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே எழுந்து போய் ரேயையும் ககாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1500, 1500 என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். இத்தனை மாதம் ஆடியிருக்கிறாள், அது கண்ணில் படவே இல்லையாம்.

இன்னும் இரண்டு கேள்வி, அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒன்று, இந்த டெக்கின் மந்திரக் கார்டுகளைப் போட வேண்டுமென்றால் நம் பக்கத்து முக்கிய வரிசையில் எந்த மான்ஸ்டரும் இருக்கக் கூடாது, மேலே தனியாக இருக்கும் கட்டத்தில் மட்டும் ஒருத்தி நிற்கலாம். அதுவும் பொம்மைதானா? இரண்டு, ரோஸெ என்று இன்னொருத்தி இருக்கிறாள். அவள் யார்? ரேயின் எதிரி என்கிறார்கள், ஆனால் அவளும் இதே டெக்கில்தான் இருக்கிறாள். எதிரியை ஏன் கூடவே வைத்துக்கொண்டு ஆடுகிறோம்?

நிப்பர்:

கஞ்சிக்குடுவை, ஒத்துக்கொள்கிறேன். முதல் பதிலில் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். பெயரும் படமும் ஆகாயப்படையிலிருந்து வந்தவை. ஆனால் கார்டு எப்படி இயங்குகிறது என்பது பொம்மைப் பெட்டியிலிருந்து வந்தது, இதை நான் விடமாட்டேன். விமானத்தைக் கழற்றினால் விமானி மிஞ்சுவார், சரி. அந்த விமானியையே இன்னொரு விமானத்தில் செருகி, இடையில் ஒரு பிட்டையும் செருகிப் பார்க்கும் புத்தி பொம்மைக்காரருக்குத்தான் வரும். அப்புறம் இன்னொரு விஷயம், உங்கள் கட்சிக்கே பலம் சேர்க்கும்: ஆர்ன்வாலை வரைந்தவர் ஷிமாதா ஃபுமிகானே. விமானம், பீரங்கி வண்டி இவற்றைப் பெண்களுக்கு மாட்டி வரைவதில் பேர் வாங்கியவர். ஆக தோலும் எலும்பும் ஏற்கெனவே ஒரே வீட்டில்தான் வளர்ந்தன.

மருமகளின் முதல் கேள்வி. தனிக் கட்டத்தில் ஒருத்தி மட்டும். கதைப்படி அவள் ஒற்றையாகப் போராடுபவள், துணைக்குப் படை கிடையாது, அதனால் வரிசை காலியாக இருக்க வேண்டும் என்பது நேரான விளக்கம். 2017இல் லிங்க் முறை வந்தபோதுதான் அந்தத் தனிக் கட்டமே ஆட்டத்துக்கு வந்தது. மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கட்டத்தால் இடம் போதவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, "எங்களுக்கு அந்த ஒரு இடம் போதும்" என்று வந்தது இந்த டெக். எனக்கோ அந்தக் கட்டத்தைப் பார்த்தால் பொம்மையோடு வரும் ஸ்டாண்டு ஞாபகம் வருகிறது. ஒரு ஸ்டாண்டு, அதில் பறக்கிற மாதிரி ஒருத்தி, சுற்றிலும் மேஜையில் இறைந்து கிடக்கும் துப்பாக்கியும் பூஸ்டரும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது.

இரண்டாவது, ரோஸெ. ரே ஒரு சின்ன நாட்டுக்காகப் போராடுகிறாள், ரோஸெ எதிரே உள்ள பெரிய நாட்டின் பக்கம். அவளுடைய எண்களைப் பாருங்கள். நிலை 4, இருள், வாரியர், 1500க்கு 1500. ரேயின் அதே எண்கள், ஒரு புள்ளி மாறவில்லை. இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொம்மைக் கம்பெனிகள் செய்கிற வேலை இது. சொதாய்க்கு அச்சு வெட்டுவதுதான் பெரிய செலவு. வெட்டிய அச்சிலேயே நிறத்தை மாற்றி, தலையை மாற்றி, வேறு கவசம் கொடுத்து அடுத்தவளை இறக்குவார்கள். ஆர்ன்வால் தனியாக வரவில்லை. அவளோடு ஸ்ட்ரார்ஃப் என்று ஒருத்தியும் வந்தாள். இவள் தேவதை வகை, அவள் பிசாசு வகை. இவள் வெள்ளை, அவள் கறுப்பு. ஸ்ட்ரார்ஃபுக்கு முதுகிலிருந்து இரண்டு ராட்சசக் கைகள் வேறு. கதையில் எதிரெதிர், பெட்டியில் ஒரே உடம்பு. அதனால் தேவதைக்கு ராட்சசக் கையை மாட்டலாம், பிசாசுக்கு இறக்கை வைக்கலாம். வாங்கிய எல்லாரும் முதல் வாரத்திலேயே அதைத்தான் செய்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

கார்டிலும் அப்படியே. ககாரி கேட்பது நெருப்பு அல்லாத ஒரு ஏஸ். அது ரேயாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. ரோஸெ பொருந்துவாள். எதிரி நாட்டுப் பெண் ரேயின் சிவப்புக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வருகிறாள், துளை பொருந்துகிறது, விதி தடுக்கவில்லை. வேறொரு ஏஸ் களத்தில் இறங்கினால் ரோஸெ கையிலிருந்து தானாக வந்து பக்கத்தில் நிற்பாள். எதிரி செய்கிற காரியமா அது? அப்புறம் ஜீக் என்று ஒரு லிங்க் 2 வந்தது. அதற்கு இரண்டு மான்ஸ்டர் வேண்டும், குறைந்தது ஒன்று ஏஸாக இருக்க வேண்டும். முதல் தடவையாக இரண்டு பேர் தேவைப்படும் கவசம். நான் அதை ரேயும் ரோஸெயும் சேர்ந்து மட்டும்தான் இறக்குவேன். டோக்கனை வைத்து இறக்கலாம், மனசு வராது. இதனால் நான் தோற்ற ஆட்டங்கள் உண்டு.

கதையைக் கதையாகவே படிக்க வேண்டுமானால் ஜப்பானில் வி ஜம்ப் இதழில் இவர்களின் கதை காமிக்ஸாக வந்தது. ஆனால் மருமகளிடம் சொல்லுங்கள், கார்டில் உள்ள எழுத்தை மெதுவாகப் படித்தாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.

கஞ்சிக்குடுவை:

ஜீக் என்று சொன்னதும் கை அரிக்கிறது, மன்னியுங்கள். போரின்போது ஜப்பானின் ஸீரோ விமானத்துக்கு நேச நாடுகள் வைத்த சங்கேதப் பெயர் ஜீக். ரே என்பது ஜப்பானியில் சுழியத்துக்கும் உள்ள ஒலி. ரோஸெயைத் திருப்பிப் படியுங்கள்: ஸெரோ. அவர்கள் சண்டை போடும் இடத்தின் கார்டு ஏரியா ஸீரோ. இரண்டு பெண்களும் ஒரே சுழியத்தின் முன்பக்கமும் பின்பக்கமும். தமிழில் எழுதினாலும் ரோ-ஸெ, ஸெ-ரோ என்று சரியாகத் திரும்புகிறது பாருங்கள், இதற்காகவே நேற்று இரவு தூங்காமல் சந்தோஷப்பட்டேன்.

அக்காவின் "ஒரே அச்சு, வேறு தலை" இதோடு நன்றாக ஒட்டுகிறது. பொம்மைக் கட்சிக்கு முக்கால் ஓட்டு போடுகிறேன்.

லிங்க்_1:

ஆறு வருஷமாக இந்த டெக்கிடம் அடி வாங்கியிருக்கிறேன். எல்லாருக்கும் 1500 என்பதை நான் கணக்குக்காக மட்டுமே மனப்பாடம் செய்திருந்தேன், ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இன்று கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

நிப்பர், அந்த ஆர்ன்வால் இன்னும் இருக்கிறதா? பழசு வாங்கலாமா?

நிப்பர்:

இருக்கிறாள். வலது முழங்கை இல்லை. திருப்பும்போது இறுகிப்போன மூட்டைச் சூடு காட்டாமல் முறுக்கினேன், டக் என்று ஒடிந்தது. தப்பு முழுக்க என்னுடையது. பழசு வாங்கினால் முதலில் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டுவிட்டு மூட்டை அசையுங்கள். மஞ்சளாகியிருந்தால் பரவாயில்லை, பிசுபிசுப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒற்றைக் கையோடு அவள் இப்போது என் மானிட்டர் பக்கத்தில் நிற்கிறாள். அந்தக் கை இல்லாத இடத்தில் வேறொரு செட்டின் துப்பாக்கியைச் செருகிவிட்டேன். பார்க்க அதுதான் ஒரிஜினல் மாதிரி இருக்கிறது.

புதிதாகவே வேண்டுமென்றால் இன்றைக்கு வேறு வழிகள் உண்டு. கொதோபுகியா என்ற ஜப்பானியப் பொம்மைக் கம்பெனியின் ஃப்ரேம் ஆர்ம்ஸ் கேர்ள் 2015இலிருந்து வருகிறது, மெகாமி டிவைஸ் 2016இலிருந்து. இரண்டும் நாமே வெட்டிச் சேர்க்க வேண்டிய கிட். ஷின்கியின் உடம்பை வடிவமைத்த அஸாய் மஸாகிதான் மெகாமி டிவைஸின் உடம்புக்கும் ஆள், அதனால் தோள்பட்டையைப் பிடித்துத் திருப்பினாலே பழைய சொந்தம் தெரியும். பிளாஸ்டிக் வெட்ட நல்ல நிப்பர் (வெட்டுக் குறடு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகவெட்டி உதவாது, சொல்லிவிட்டேன்.

மணிமாமா:

சனிக்கிழமை மாலை. பெட்டி கட்டியாயிற்று. கடைசியாக ஒரு சந்தேகம்.

நேற்று அவள் செய்த வேலை: ககாரி இருந்த பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள், ககாரிக்குப் பின்னால் ரேயையும் திணித்துவிட்டாள். "இப்ப உள்ள ஆள் இருக்கு" என்றாள். இரண்டு அட்டை சேர்ந்து ஸ்லீவ் புடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுக்கவும் வரவில்லை. பொத்தானையும் என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். அதற்குப் பதிலாக வீட்டில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கார்டு அளவுக்கு வெட்டி டோக்கன் வரைந்திருக்கிறாள். சிவப்புக் கவசம், இறக்கை, துப்பாக்கி எல்லாம் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பு ஸ்கெட்ச். திருப்பினால் "தங்கள் நல்வரவை நாடும்" என்று பொன் எழுத்து.

இதை வைத்துக் கடையில் போட்டி ஆட விடுவார்களா?

லிங்க்_1:

டோக்கன் தாராளமாகச் செல்லும் சார். அது டெக்கில் சேராது, பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. நான் ஒரு தடவை பாட்டில் மூடி வைத்து ஆடியிருக்கிறேன்.

ஸ்லீவ் மட்டும் கூடாது. ஒரு ஸ்லீவுக்கு ஒரு கார்டு. விமானத்தில் ஏறுவதற்கு முன் ரேயை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இழுக்காமல், மேல் விளிம்பை இரண்டு பக்கமும் லேசாக அமுக்கினால் வந்துவிடும்.